விவாத இழை: தொழுவம், களம், புகைப்புரை – நம்மூர்ப் பண்ணையைக் காகிதத்தில் வரைவது

தக்கலை_அட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணக் கார்டு வடிவமைப்பதுதான் எனக்குத் தொழில். மடிப்பு, கோடு, பசை எல்லாம் அன்றாடம் கையில் புழங்குவதால், பெரிய விடுமுறைக்குள் ஒரு காகிதப் பண்ணைத் தொகுப்பை வரைந்து இலவசமாகப் பகிரலாம் என்று இறங்கியிருக்கிறேன். மாட்டுத்தொழுவம், நெற்களம், வைக்கோல் படப்பு, தேன்பெட்டி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை, கருப்பட்டி காய்ச்சுகிற விடிலி. ஏ4 தாளில் அச்சடித்து, வெட்டி, மடித்து ஒட்டினால் போதும். சின்னப் படைவீரர் உருவங்களை வைத்து மேசையில் போர் விளையாடுகிறவர்களுக்கும் உதவணும்; தரையில் பிளாஸ்டிக் மாட்டை மேய்க்கிற பிள்ளைகளுக்கும் உதவணும்.

இணையத்தில் பண்ணைக் கட்டடம் என்று தேடினால் முக்கால்வாசி வருவது சிவப்பு மரக் கட்டடமும் பக்கத்தில் நெட்டையான ஒரு உருளையும்தான். அமெரிக்கப் பண்ணைக்கு அது சரியான வடிவம். பனிக்காலம் முழுக்க மாட்டுக்கு வேண்டிய உலர்புல்லை மேல்தட்டில் அடைத்து வைக்கணும். அதற்கு இடம் கூடுதலாகக் கிடைக்கத்தான் கூரையை நடுவில் ஒடித்துப் புடைக்க வைத்தார்கள். நம்மூரில் வைக்கோல் வெளியே படப்பில் நிற்கும். தொழுவத்துக்கு மேல்தட்டு வேண்டாம். காற்று வேண்டும், சாரல் உள்ளே அடிக்காதபடி தாழ்ந்த இறவாரம், அதாவது வெளியே நீட்டிய கூரைவிளிம்பு வேண்டும். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை இரண்டையும் வாங்குகிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கூரை அப்படித்தான் இருக்க முடியும்.

அதனால் என் முறை இது: சுவரை வரையும் முன்னே, அந்தக் கட்டடத்துக்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் நுழைகிறார்கள், எதைத் தூக்கி வருகிறார்கள், எங்கே வைக்கிறார்கள். அந்த வேலை காகிதத்திலும் நடக்க முடிந்தால் விளையாட்டு தானாக வரும். வெறும் பெட்டிக்கு மேல் ஓடு வரைந்து கொடுத்தால் ஒரு நாள் அழகு பார்த்துவிட்டு அலமாரியில் ஏற்றிவிடுவார்கள்.

உங்களிடம் கேட்க வேண்டியவை: அளவு விகிதம் எது வைக்கலாம்? கூரை கழற்றுகிற மாதிரியா, ஒட்டியதா? ஓலையா, ஓடா?

குளச்சல்1741 எழுதியது:

அருமையான வேலை அண்ணே. நான் போர் விளையாட்டுப் பக்கம். 28 மிமீ உருவங்கள் என்றால் 1:56-இலிருந்து 1:60 வரை எதுவும் ஒத்துப்போகும். 1:60 வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எளிது. 2.5 செமீ கட்டம் ஒன்று நிஜத்தில் 1.5 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 5 அடி. உருவங்களின் அடித்தட்டும் பெரும்பாலும் 25 மிமீ-தான். கட்டடத்தின் நீள அகலத்தை இந்தக் கட்டங்களின் மடங்காக வைத்தால் கட்டம்போட்ட மேசையிலும் சரியாக உட்காரும்.

ஓலையா ஓடா என்பதற்கு என் பதில் ஓலை. நான் தயாரித்துக்கொண்டிருப்பது 1741 குளச்சல் போர்க்களம். மார்த்தாண்ட வர்மாவின் படையும் டச்சுக் கம்பெனிப் படையும் மோதிய இடத்தில் மங்களூர் ஓடு போட்ட தொழுவம் நிற்க முடியாது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865-இல். அரண்மனைக்கும் கோயிலுக்கும் பழைய ஓடு இருந்திருக்கும். குடியானவன் தொழுவத்துக்கு ஓலைதான். அதேபோல ரப்பர் புகைப்புரையும் என் மேசையில் வர முடியாது. திருவிதாங்கூரில் ரப்பர் தோட்டம் வந்தது 1902-இல்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள்தானே டி லனாய் கல்லறை. டச்சுப் பக்கம் நின்று தோற்றுப் பிடிபட்டவர், பிறகு திருவிதாங்கூருக்கே தளபதி ஆனார். அந்தக் கோட்டைக்கு வெளியே இருந்த குடியிருப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் ஓலைக்கூரைதான் கண்ணில் வருகிறது.

குழித்துறை_டீச்சர் எழுதியது:

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். 1:60 எல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அவர்களிடம் இருக்கிற மாடுதான் அளவுகோல். கோயில் திருவிழாக் கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் மாடு 6 செமீ உயரம் இருக்கும். அது தொழுவத்துக்குள் நுழையணும், அதோடு சேர்ந்து ஒரு குழந்தையின் கையும் நுழையணும். அழகான கட்டடத்துக்குள் மாட்டை விட முடியவில்லை என்றால் பிள்ளை கட்டடத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கிவிடும்.

இன்னொன்று. பிள்ளைகள் எந்தக் கட்டடத்தையும் கூரையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். கழற்றும் கூரை என்றால் சுவர் கீழே நிற்கும், கூரை கையோடு வரும், மாடுகள் நாலாபக்கமும் சிதறும். ஆகவே எங்களுக்கு ஒட்டிய கூரை வேண்டும்.

குளச்சல்1741 எழுதியது:

டீச்சர், எங்களுக்கு நேர் எதிர். வீட்டுக்குள் பதுங்கியிருக்கிற வீரனை எடுக்கவும் வைக்கவும் கூரை கழன்றே ஆகணும். ஒட்டிய கூரை என்றால் அந்தக் கட்டடம் வெறும் மறைப்புதான்.

தக்கலை_அட்டை எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஒரே வரைபடத்தில் இரண்டையும் அடக்கப் பார்க்கிறேன்.

அளவு: ஏ4 தாளை 141 சதவீதம் பெரிதாக்கினால் அப்படியே ஏ3. எந்த ஜெராக்ஸ் கடையிலும் முடியும். போர் விளையாட்டுக்கு ஏ4, பிள்ளைகளுக்கு ஏ3. 1:60 அப்போது ஏறத்தாழ 1:42 ஆகிவிடும். தாளும் அதற்கேற்பத் தடிக்கணும்.

கூரை: தொழுவத்தின் சுவர் 3 கட்டம் அகலம், 5 கட்டம் நீளம், அதாவது 7.5 க்கு 12.5 செமீ. இறவாரம் நாலு பக்கமும் 1.25 செமீ வெளியே நீட்டினால் கூரையின் அடி 10 க்கு 15. நாலு பக்கமும் சரிகிற கூரைதான் நம் பக்கத்துப் பழைய கட்டடங்களுக்குப் பொருந்தும். பலருக்கும் இதை வரையப் பயம், ஆனால் 3-4-5 முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் நேராக வரும்.

பாதி அகலம் 5 செமீ. முகடு 3.75 செமீ எழும்பினால் சரிவின் நீளம் 6.25. மூன்றும் 3-4-5 விகிதம்தான். முகட்டின் நீளம் 15-இல் 10 போக 5 செமீ. மூலைகளில் இறங்கும் விளிம்பு 5-க்கும் 6.25-க்கும் வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் எடுத்தால் 8 செமீ, மயிரிழை வித்தியாசம்தான். ஆக நீளப் பக்கத்துக்கு இரண்டு சரிவகம்: அடி 15, மேல் 5, உயரம் 6.25. குறுகிய பக்கத்துக்கு இரண்டு முக்கோணம்: அடி 10, மற்ற இரண்டு பக்கமும் 8.

இரண்டு சரிவகத்தையும் முகட்டில் சேர்த்துத் தாளில் விரித்தால் இரு பக்கமும் உடுக்கை இடுப்பு மாதிரி உள்வாங்கி நிற்கும். அந்த வாயில் முக்கோணத்தை ஒரு ஓரமாக ஒட்டி வரைந்தால் மறு ஓரத்தில் 25 பாகை அளவு இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியில் ஒட்டுநாக்கு. இதை மடித்து ஒட்டும்போதுதான் தட்டைத் தாள் கூரையாக எழும்பும். முழுக்கூரையும் 19.5 செமீ-க்குள் அடங்குவதால் ஒரே ஏ4 போதும், ஒட்டுத் தெரியாது.

இந்தச் சரிவில் இறவாரத்தின் நுனி சுவரின் மேல்விளிம்பைவிட 9 மிமீ கீழே இறங்கும். சுவர் 4 செமீ என்றால் இறவாரம் 3 செமீ-க்குச் சற்று மேலே நிற்கும். நிஜத்தில் 6 அடி. குனிந்து நுழைகிற பழைய தொழுவம் அப்படியே வந்துவிடுகிறது.

டீச்சர் சொன்ன 6 செமீ மாட்டுக்கு இது போதாது. ஏ3-இல் பெரிதாக்கினாலும் இறவாரம் 4.3 செமீ-தான். எனவே பிள்ளைகள் பதிப்புக்குத் தூண் மட்டும் நீளமாக ஒரு தனித்தாள் போடுகிறேன். கூரை அதேதான்.

பூதப்பாண்டி_வயல் எழுதியது:

மக்களே, கணக்கெல்லாம் நல்லா இருக்கு. தொழுவத்துக்கு நாலு பக்கமும் சுவர் வெச்சிராதே. பின்னாடி ஒரு சுவர், பக்கத்துல அரைச்சுவர், முன்னாடி தூண் மட்டும். ஒரு மாட்டுக்கு ஒரு கட்டம் அகலம் விட்டா அஞ்சு மாடு நிக்கும், கணக்குச் சரியா வருது.

உள்ள தரை தட்டையா இருக்கப்படாது. மாடு தலை வைக்கிற பக்கம் தொட்டி, வால் பக்கம் தரை சாஞ்சு ஒரு ஓடை. மூத்திரமும் கழுவுற தண்ணியும் அதுல ஓடி வெளிய உரக்குழிக்குப் போகணும். அந்த ஓடை இல்லாட்டி அது தொழுவமே இல்ல. காயிதத்துல ஒரு மடிப்பு போட்டாப் போதுமே, தரை சாஞ்சிரும்.

அப்புறம் களம். கட்டடத்தை மட்டும் வரஞ்சு என்ன பிரயோசனம்? நாஞ்சில் நாட்டுல வேலை நடக்கறதெல்லாம் களத்துல. சாணி மெழுகின வெறுந்தரை, ஓரத்துல படப்பு, கொஞ்சம் தள்ளிக் கிணறு, அந்தப் பக்கம் சானல், பாசன வாய்க்கால்தான். இதைத் தரைத்தாளா முதல்ல வரைஞ்சு போடு. அதுக்கு மேல எந்தக் கட்டடம் எங்க நிக்கும்னு தானாத் தெரியும். நமக்கு வருசத்துல ரெண்டு பூ, அதாவது ரெண்டு நெல் போகம் உண்டு, கன்னிப்பூவும் கும்பப்பூவும். தாளுக்கு ரெண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் பச்சைப் பயிரு, திருப்பினா அறுத்த தாள்கட்டையும் நெல் பொலியும்.

தக்கலை_அட்டை எழுதியது:

அண்ணாச்சி, தரைத்தாளை முதலில் வரையச் சொன்னது என் வேலை வரிசையையே மாற்றிவிட்டது. கட்டடங்களை ஒவ்வொன்றாக வரைந்து கடைசியில் சேர்க்கலாம் என்றிருந்தேன். இனி களம்தான் முதல் தாள். இருபுறத் தரைத்தாள் பிள்ளைகளுக்கு நேரடியாக ஒரு விளையாட்டு. பயிர் பச்சையாக இருக்கும்போது மாடு வயலுக்குள் இறங்கினால் விரட்டணும், அறுப்பு முடிந்து தாளைத் திருப்பினால் மேயவிடலாம். விதி எழுதவே வேண்டாம், அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

போர் விளையாட்டுக்கும் இது உதவும். பச்சை வயல் என்றால் சேறு, உருவங்கள் பாதி வேகம். அறுத்த வயல் என்றால் முழு வேகம். குளச்சல் தம்பி என்ன சொல்கிறார்?

குளச்சல்1741 எழுதியது:

கண்டிப்பாக எடுத்துக்கொள்வேன். குளச்சல் போர் ஆகஸ்டில் நடந்தது. கன்னிப்பூ கதிர் முற்றுகிற சமயம். வயல் வரும் பக்கமெல்லாம் நின்ற பயிர்தான் போடணும்.

அருமனை_பால்காரன் எழுதியது:

ரப்பர் பால்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு. புகைப்புரை பற்றி எழுதணும் என்று இந்த இழையைப் பார்த்ததும் தோன்றியது.

வேலையிலிருந்து தொடங்கணும் என்று சொன்னீர்கள், அதனால் வேலையைச் சொல்கிறேன். விடியுமுன் மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி, பால் ஊறி நின்றதும் சிரட்டையிலிருந்து வாளியில் சேர்த்து, தண்ணீர் கலந்து தட்டங்களில் ஊற்றி ஆசிட் விடுவோம். உறைந்த கட்டியை முதலில் வழுவழுப்பான ரோலரில் விட்டுத் தண்ணீரைப் பிழிந்து, அடுத்து வரிபோட்ட ரோலரில் விட்டால் ஷீட். வரி எதற்கு என்றால் காற்றும் புகையும் படுகிற பரப்பு கூடும், ஒன்றோடொன்று ஒட்டாது. நிழலில் தண்ணீர் வடிந்த பிறகு புகைப்புரையில் மூங்கில் கழியில் வரிசையாகத் தொங்கவிடுவோம். சில நாள் புகை போட்டால் வெள்ளை மாறித் தேன் நிறத்துக்கு வரும்.

கட்டடம் ஒடுங்கி உயரமாக இருக்கும். சன்னல் கிடையாது. கீழே நெருப்புக்குழி, அதன் வாய் வெளிப்பக்கம். விறகை உள்ளே போய்த் திணிக்க வேண்டியதில்லை. மேலே புகை வெளியேற ஒரு திறப்பு. கதவு ஒன்றே ஒன்று, அது இறுக மூடணும்.

காகிதத்துக்கு என் யோசனை: கதவைத் திறந்தால் கழிச்சட்டம் இழுப்பறைபோல வெளியே வரணும். அதில் மாட்டுவதற்குச் சின்ன ஷீட்டுகள், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் தேன் பழுப்பு. வெள்ளைப் பக்கத்தை வெளியே காட்டிப் பிள்ளை உள்ளே தள்ளும். சட்டத்தைத் திருப்பிப் போட்டு வெளியே இழுத்தால் பழுப்பு. வரிகளை அச்சிலேயே போட்டுவிடலாம். வீட்டில் சின்னவளுக்காக வெறும் வெள்ளைத் தாளில் ஒன்று வெட்டிக் கொடுத்தேன், ஷீட்டைத் திருப்புவதிலேயே சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது.

குழித்துறை_டீச்சர் எழுதியது:

அந்த வெள்ளை-பழுப்பு யோசனை மிக நல்லது. எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் மரம் வெட்டப் போகிறவர்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் சொல்லத் தயங்குகிற பிள்ளைகூட, இதைக் கையில் கொடுத்தால் எல்லாருக்கும் கற்றுக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒடுங்கி உயரமான கட்டடம் தரையில் நிற்காது, கை பட்டால் சாயும். அடியில் பாரம் வேண்டும்.

தக்கலை_அட்டை எழுதியது:

அடித்தளத்தில் 1 செமீ உயரத்துக்கு மூடிய பெட்டி ஒன்று வரைந்திருக்கிறேன் டீச்சர். மணலைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வைத்து ஒட்டிவிடலாம். அதன் மேல்பலகைதான் புகைப்புரையின் தரை. சில்லறைக் காசு வேண்டாம், சின்னப் பிள்ளைகள் பிரித்தெடுத்து வாயில் போட வாய்ப்புண்டு.

கோட்டாறு_பிரிண்ட் எழுதியது:

அச்சுப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். கடைக்கு வந்து "இதைப் பிரிண்ட் எடுங்க" என்று கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கித்தான் எடுப்பார்கள். நாலைந்து சதவீதம் சுருங்கினாலே கட்டம் கட்டத்தோடு சேராது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சரியாக 5 செமீ கோடு ஒன்று போடுங்கள், பக்கத்தில் "ஸ்கேல் வைத்துப் பார்க்கவும்" என்று எழுதுங்கள். ஆக்சுவல் சைஸ் என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

தாள்: ஏ4-க்கு 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எடைக்கணக்கு) அட்டை போதும். ஏ3 பதிப்புக்கு 300. பளபளப்பான தாள் வேண்டாம், பசை பிடிக்காது, படமும் விளக்கில் மின்னும். லேசர் அச்சில் மடிப்பு ஓரங்களில் டோனர் வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். மடிப்பதற்கு முன் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டால் வெடிப்பு குறையும். மிச்சத்தைக் கலர் பென்சிலால் தேய்த்து மறைக்கலாம். இன்க்ஜெட்டில் வெடிப்பு வராது, ஆனால் ஈரக்கை பட்டாலே மை கலங்கும். பிள்ளைகளுக்கு லேசர்தான்.

தாளுக்கு ஒரு ஓட்டம் உண்டு. மெதுவாக வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் இலகுவாக வளையும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். முகட்டு மடிப்பு இலகுவான திசையோடு போகும்படி படத்தை வையுங்கள். எதிர்த்திசையில் மடித்தால் முகடு பிசிறு பிசிறாக உடைந்து தெரியும்.

பூதப்பாண்டி_வயல் எழுதியது:

மழை மாசத்துல இந்தக் காயிதமெல்லாம் நிக்குமா? எங்க வீட்டுக் காலண்டரே ஆனி, ஆடியில சுருண்டுருது.

கோட்டாறு_பிரிண்ட் எழுதியது:

நிற்கும் அண்ணாச்சி, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கவனிக்கணும். ஈரக்காற்றில் தாள் ஒரு பக்கமாக உப்புவதால்தான் சுருளுகிறது. வெளிப்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தால் சுருளல் இன்னும் கூடும். உள்பக்கமும் ஒரு பூச்சு கொடுக்கணும். சுவர்களுக்கு உள்ளே குறுக்காக ஒரு பட்டை அட்டை ஒட்டினால் விறைப்பாக நிற்கும்.

பசைக்கு ஃபெவிகால்தான், அதுவும் துளிபோல மெல்லிசாக. மைதாப் பசை மலிவு, ஆனால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் அதைத் தேடி வரும். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சிக்காக அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கையில் வைக்கிற பொருளுக்கு ஆகவே ஆகாது.

கருங்கல்_பனை எழுதியது:

விடிலி என்று பட்டியலில் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவன் நான். பலபேர் விடிலியை ஒரு குடிசை என்று மட்டும் வரைந்துவிட்டுப் போவார்கள். அது அக்கானி, அதாவது பதநீர் காய்ச்சுகிற இடம். நடுவில் நீள அடுப்பு, அதில் பனையோலை, மட்டை, பன்னாடை எல்லாம் எரியும். மேலே அகன்ற பாத்திரம். காய்ச்சிய பாகை வரிசையாக அடுக்கிய சிரட்டைகளில் ஊற்றுவார்கள், ஆறினால் கருப்பட்டி. புகை உறைந்து கூரையின் உள்பக்கம் கருத்திருக்கும். வெளியே வெளுத்த ஓலை, உள்ளே கருப்பு. இந்த இரண்டு நிறத்தையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஓலைக்கூரையை அச்சில் மட்டும் காட்டினால் தட்டையாகத் தெரியும். காக்கிக் கவர் தாளை 1.5 செமீ பட்டைகளாக வெட்டி, ஒரு விளிம்பில் கத்தரியால் நெருக்கமாகக் குஞ்சம்போல நறுக்குங்கள். பட்டையை இறவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு போகணும். நிஜக்கூரை வேய்வதும் கீழிருந்துதான். மேல் ஓலை கீழ் ஓலையை மூடினால்தான் தண்ணீர் வழிந்தோடும். முகட்டுக்குக் கடைசியாக ஒரு பட்டையைக் குறுக்கே மடித்து ஒட்டுங்கள்.

குளச்சல்1741 எழுதியது:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் அண்ணே. என் குடியிருப்பு முழுக்க இந்த முறையிலேயே வேய்ந்துவிடலாம்.

தக்கலை அண்ணனிடம் ஒரு கேள்வி. ஓடு, மண்சுவர் எல்லாம் போட்டோ எடுத்துப் பதிக்கப் போகிறீர்களா, கோட்டுப்படமா? போட்டோ என்றால் நிஜமாகத் தெரியுமே.

தக்கலை_அட்டை எழுதியது:

கோட்டுப்படம்தான், அதில் நான் உறுதியாக இருக்கிறேன். மங்களூர் ஓடு ஒன்று ஏறத்தாழ 40 செமீ நீளம். 1:60-இல் 7 மிமீ-கூட வராது, அதிலும் ஒரு பகுதி மேலோட்டுக்கு அடியில் மறைந்துவிடும். அந்த அளவில் போட்டோ வெறும் அழுக்குச் சிவப்பாகக் கலங்கிப்போகும். கோட்டுப்படத்தில் ஒவ்வொரு ஓட்டின் கீழ்விளிம்புக்கும் ஒரு தடித்த கோடு, அதற்கடியில் மெல்லிய நிழல். மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தாலும் வரிசை எண்ணலாம். அங்கங்கே நாலைந்து ஓடுகளுக்கு மட்டும் நிறம் மாற்றினேன். புது ஓடு செக்கச் செவேல், பழையது பாசி பிடித்த கருஞ்சிவப்பு. எடவப்பாதிக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்றாத வீடு ஏது?

போட்டோவுக்கு இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. அதில் வெயில் ஏற்கெனவே ஒரு பக்கம் அடித்திருக்கும். கூரையின் நாலு சரிவிலும் அதே படத்தைப் பதித்தால் நாலு பக்கமும் சூரியன் நிற்கும். கண்ணுக்கு ஏதோ பொய்யாகப் படும்.

இன்னொரு முக்கியக் காரணம், பிள்ளைகளுக்கு நிறமில்லாத பதிப்பு ஒன்று தருகிறேன். கோடு மட்டும் இருக்கும், அவர்களே கிரேயான் தீட்டலாம். போட்டோவில் அதற்கு வழியில்லை. கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸ் என்றால் செலவும் குறைவு, வகுப்பு முழுவதுக்கும் எடுக்கலாம்.

குளச்சல்1741 எழுதியது:

மண்சுவருக்கு மட்டும் போட்டோ வைக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சாணிப்பூச்சின் கைத்தடம், அடியில் சாரல் அடித்த கறை எல்லாம் கோட்டில் வராது. மேகமூட்டமான நாளில் எடுத்தால் நிழல் விழாது. என் பதிப்புக்கு நானே பதித்துக்கொள்கிறேன், உங்கள் மூலக்கோப்பை எஸ்விஜி-யாக, திருத்தக்கூடிய கோட்டுப்படக் கோப்பாகக் கொடுத்தால் போதும்.

தக்கலை_அட்டை எழுதியது:

தாராளமாக. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் சுவர், கூரை, மடிப்புக்கோடு மூன்றையும் தனித்தனி அடுக்காக வைத்திருக்கிறேன். சுவர் அடுக்கை மட்டும் மாற்றினால் போதும்.

கூரை வழக்குக்கும் ஒரு வழி. கூரைக்கு உள்ளே 1 செமீ உயர வளையம் ஒன்று, சுவரின் உள்பக்கத்தில் பொருந்தி உட்காரும். போர் விளையாட்டுக்காரர்கள் அதை அப்படியே வைத்துக் கழற்றலாம். பிள்ளைகள் பதிப்பில் பின்சுவரோடு கூரையைப் பைண்டிங் துணி டேப்பால் கீல்போல ஒட்டிவிடணும். கூரையைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் சேர்ந்து வரும். முன்பக்கம் நிமிர்த்தினால் பெட்டி மூடிபோலத் திறக்கும்.

குழித்துறை_டீச்சர் எழுதியது:

கீல் போட்ட தொழுவத்தை ஏ3-இல் எடுத்து வகுப்பில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தாங்குகிறது. பிள்ளைகள் கூரையை முழுக்கப் பின்னால் சாய்க்கிறார்கள், அதனால் டேப் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு பட்டை வேண்டும். தூண்களில் சதுரக்குழாய் நசுங்கிவிடுகிறது. மடித்து 'எல்' வடிவத்தில் இரட்டையாக ஒட்டிக் கொடுத்த தூண் நசுங்கவில்லை. முனைகளை மழுக்கிக் கொடுங்கள், 300 ஜிஎஸ்எம் முனை கண்ணில் குத்தும்.

அதிகம் விளையாடியது எதை என்று கேட்டால் ஓடையை. அண்ணாச்சி சொன்ன அந்தச் சாய்ந்த தரையில் மணியை உருட்டிவிட்டு உரக்குழிக்குள் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் செய்யக் கொடுக்க எளிதான பொருள் ஒன்று வேண்டும். தொழுவத்தில் தொடங்கினால் சின்னவர்களுக்கு அலுத்துவிடும்.

தக்கலை_அட்டை எழுதியது:

முதல் தாளில் இரண்டு வைத்திருக்கிறேன் டீச்சர். ஒன்று படப்பு: 8 செமீ ஆரத்தில் ஒரு அரைவட்டம் வெட்டிச் சுருட்டினால் அடி 8 செமீ அகலமுள்ள கூம்பு, உயரம் கிட்டத்தட்ட 7. ஒரே ஒட்டு. அதன் மேல் கருங்கல் நண்பர் சொன்ன குஞ்சப் பட்டை சுற்றலாம்.

இரண்டாவது தேன்பெட்டி. மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சொல்லாமலே தெரியும். இரண்டு பெட்டி ஒன்றின்மேல் ஒன்று, மேலே மூடி, கீழே ஒற்றைக்கால். காலைச் சுற்றி எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணம், அதற்கு பாட்டில் மூடியே போதும். மூடியைத் திறந்தால் உள்ளே அடைச் சட்டங்கள் தொங்கும், ஒவ்வொன்றாக உருவலாம்.

டீச்சர் சொன்ன இரட்டை டேப், 'எல்' தூண், மழுங்கிய முனை மூன்றையும் சேர்த்துவிட்டேன். களம், தொழுவம், படப்பு, தேன்பெட்டி நான்கும் பிடிஎஃப்-ஆகத் தயார். புகைப்புரையில் இழுப்பறை இன்னும் கொஞ்சம் சிக்குகிறது, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே 1 மிமீ இடம் விட்டு மறுபடி வரைகிறேன். விடிலிக்கு உள்பக்கக் கருப்பு அச்சடிக்க இருபுற அச்சு தேவை, அதைக் கோட்டாறு நண்பர் எடுத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

அண்ணாச்சி, களத்தின் கிழக்கு ஓரத்தில் இடம் மிச்சம் இருக்கிறது. அங்கே மாட்டுவண்டிக்கு ஒரு புரை போடலாமா?

பூதப்பாண்டி_வயல் எழுதியது:

போடலாம் தம்பி. சக்கரம் அஞ்சடி உயரம், உன் கணக்குல ஒரு கட்டம். அகலம் ரெண்டு கட்டம் போதும், ஆனா நீளம் பாத்துக்கோ. வண்டியப் பின்னாடியாத் தள்ளி உள்ள விடுவாங்க, ஏர்க்காலும் நுகத்தடியும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அதனால முன்னாடி சுவரும் வேண்டாம், கதவும் வேண்டாம். பின்சுவருல ஒரு ஆணி வரைஞ்சு விடு, மணிக்கயிறு மாட்ட.

கோட்டாறு_பிரிண்ட் எழுதியது:

விடிலி கோப்பை அனுப்புங்கள். இருபுற அச்சில் முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மிமீ நகரும், அதனால் கருப்பை விளிம்பைத் தாண்டி 3 மிமீ கூடுதலாகவே போட்டு அனுப்புங்கள். வெட்டும்போது சரியாகிவிடும்.